22 அடிப் பீடம்: டொனர் பூங்காவும் வரலாற்று நினைவும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலே டொனர் நினைவு மாநிலப் பூங்கா அமைந்துள்ளது. 1846இல் மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளிற் புறப்பட்ட 87 பேர் கொண்ட குடியேறிகள் குழுவொன்று இவ்விடத்திலும் அயலிலும் பனியாற் சிறைப்பட்டது. வழியிலும் பனியிலுமாக ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோருட் பலர் இறந்தோரின் உடலை உண்டே உயிர் தரித்தனர்.

இவ்வவலத்தை இயற்கையின் சீற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. மெக்சிக்கோவின் ஆட்சியிலிருந்த கலிபோர்னியாவில் அமெரிக்கரைக் குடியேற்ற முனைந்த லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ், 1845இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஒரு குறுக்குவழியைச் சுட்டினார். நூலை எழுதியபோது அவரே அவ்வழியாற் சென்றிருக்கவில்லை! அதை நம்பியோர் வசாச் மலைகளிற் பாதை வெட்டியும், உப்புப் பாலையில் மாடுகளை இழந்தும் வாரக்கணக்கிற் பிந்தினர். பனிக்காலம் முந்திக்கொண்டது.

1918இல் இங்கு நிறுவப்பட்ட நினைவுச்சின்னத்தின் பீடம் 22 அடி உயரமானது. அன்றைய பனியின் ஆழத்தை அது குறிப்பதாகக் கூறுவர். பீடத்தின்மேல் ஒரு குடியேறிக் குடும்பம் நிற்கிறது. பனியை அளந்த இச்சின்னம் மனிதரை எவ்வாறு அளந்தது என்பதே நமது வினா.

1846 டிசெம்பரில் உதவி தேடிப் பனிக்காலணிகளுடன் மலையைக் கடந்த 15 பேரில் ஆடவர் பதின்மர். அவர்களுள் எண்மர் மாண்டனர். பெண்கள் ஐவரும் உயிருடன் மீண்டனர். குடும்பத் தலைவனின் வீரத்தைப் பாடும் குடியேற்றப் புராணத்துக்கு இது சங்கடமான செய்தி. அப்பதின்மருள் லூயிஸ், சல்வடோர் எனும் மீவோக் பழங்குடியினர் இருவரும் அடங்குவர். இவை திருமுழுக்கில் இடப்பட்ட ஸ்பானியப் பெயர்கள். பழங்குடிகளின் கட்டாய உழைப்பில் தழைத்த சட்டரின் கோட்டையிலிருந்து, குழுவினருக்கு உணவு கொண்டுவர அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். மனித ஊனை உண்ண மறுத்தனர். தம்மைக் கொல்ல எண்ணுகின்றனர் என எச்சரிக்கப்பட்டபோது தப்பியோடினர். பின்னர் சோர்ந்து கிடந்த நிலையிற் காணப்பட்டு, வில்லியம் ஃபொஸ்டராற் சுடப்பட்டு உணவாக்கப்பட்டனர். ஏனையோர் இறந்தபின் உண்ணப்பட்டவர்கள். இவர்களோ உண்பதற்காகவே கொல்லப்பட்டவர்கள். இவ்வேறுபாட்டைப் பசியொன்றால் மட்டும் விளக்கிவிட இயலாது.

ஏரியைச் சூழ்ந்த நிலமோ வாஷோ மக்களின் தாயகம். பட்டினி கிடந்தோருக்குத் தம் முன்னோர் உணவளிக்க முயன்றதாக அவர்தம் வாய்மொழி மரபு கூறும். 2015இல் திறக்கப்பட்ட புதிய பார்வையாளர் நிலையத்தில், வாஷோ மக்களும், பின்னாளில் இம்மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்த சீனத் தொழிலாளரும் இடம்பெற்றுள்ளனர். வெளியே, 1918இன் குடும்பம் இன்றும் தன் பீடத்தின்மேல் நிற்கிறது.