வாக்குறுதி கொடுத்தவள்

அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பு எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் தந்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடமும் தந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவராகவே ஷீலா குளோனியை நான் வாசிக்கிறேன்.

வெக்ஸ்ஃபோர்டின் ஃபெதர்ட்-ஆன்-சீ கிராமத்துப் புராட்டஸ்டன்ட் பெண் அவர், கணவர் கத்தோலிக்கர். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாகத் திருமணத்தின்போது திருச்சபை வாக்குறுதி வாங்கியிருந்தது. அத்தகைய வாக்குறுதி பெற்றோரைக் கட்டுப்படுத்தும் என 1950இல் டில்சன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. 1957இல், மூத்த மகளைக் கத்தோலிக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டுமென்று பாதிரியார் வற்புறுத்த, ஷீலா இரு மகள்களோடு ஊரைவிட்டுப் போனார்.

ஊர் மற்ற புராட்டஸ்டன்ட்களைப் புறக்கணித்தது. அவர்களுடைய கடைகள் வெறிச்சோடின. பியானோ ஆசிரியை மாணவர்களை இழந்தார். பிரதமர் டி வலேரா நாடாளுமன்றத்தில் புறக்கணிப்பைக் கண்டித்தார். அதே உரையில், வாக்கை மதித்துக் கணவரிடம் திரும்பும்படி அந்த மனைவிக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சிறுபான்மையினரின் கடைக்குக் கிடைத்த நியாயம் தாயின் மனசாட்சிக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த ஷீலா மகள்களை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. வீட்டிலேயே படிக்க வைத்தார். திருச்சபையின் தனி இடம் 1972 வாக்கெடுப்பில் நீங்கியது. ஆயரின் மன்னிப்பு 1998இல் வந்தது. மதச் சுதந்திரம் வீட்டு வாசலோடு நின்றுவிடுமானால், பெண்ணுக்கு அதில் பங்கில்லை.