பேரழிவுக் கதையும் பயில்வோர் கருத்தும்

தேவதானப்பட்டியில் மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் அமைந்துள்ளது. அங்கு அடைத்த கதவிற்கே வழிபாடு நிகழ்கின்றது. ஆறு பெருக்கெடுத்தகாலை மிதந்துவந்த பெட்டியொன்றை மூங்கில் தடுத்து நிறுத்தியது என்றும், அதுவே அம்மையின் இருப்பிடமாயிற்று என்றும் ஊரார் கூறுவர். இது வெள்ளத்தைப் பற்றிய கதையே. எனினும் கேட்போர் நெஞ்சில் நிலைப்பது வெள்ளம் அன்று; தடுத்து நின்ற மூங்கிலே ஆகும். அழிவுக் கதையைப் பயில்வோர் அதனுள் எதனைப் பற்றிக்கொள்கின்றனர்? உண்மைப் பேரழிவிலிருந்து தோன்றிய இக்காலக் கதைகளைக் குறித்து எழுந்த கருத்துகளை இவ்வினாவின் வழிநின்று நோக்குவாம். நாவலையும் திரைக்கதையையும் ஈண்டுக் கதை என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கின்றோம்.

பேரழிவைக் கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. புகாரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை உரைக்கின்றது. இந்திரவிழா நின்றமையை அதற்குக் காரணமாகக் காட்டுகின்றது. கபாடபுரம் கடல்கொள்ளப்பட்டதை இறையனார் அகப்பொருளுரை கூறும். இவை வரலாறே என்பாரும் புனைவே என்பாருமாக அறிஞர் நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். எனவே ‘இது நடந்ததா?’ என்பதே பயில்வோரின் முதல் வினா என்பது புலனாகும். ஆயின், ‘இது நடக்குமா?’ என்னும் வினாவை எழுப்பும் கதை வேறொரு வகையினது. இவ்விரு வகையையும் ஒருங்கே வைத்து ஆராய்தற்கு ஏற்ற நிலம் கம்பம் பள்ளத்தாக்கு ஆகும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று வழங்கினர். பிரித்தானியர் நேரே ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் எனக் கணிப்பர். மேற்கே பாயும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் அப்பஞ்சத்தின் பின்னரே வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பப்பட்ட அணை 1895இல் நீர் வழங்கத் தொடங்கியது. அப்பொறியாளர் பிறந்த சனவரி 15ஆம் நாளைப் பள்ளத்தாக்கின் ஊர்கள் பொங்கலுடன் சேர்த்துக் கொண்டாடுகின்றன. அவருக்கு 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. இம்மக்கள் நினைவில் பேரழிவு என்பது நீர் வாராமையே என்க.

மலையின் மேற்குப் புறத்தார் நினைவு வேறு. 1979 ஆகஸ்ட் 11ஆம் நாள் குசராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகர் அழிந்தது. அவ்வாண்டிலேயே அச்சம் காரணமாகப் பெரியாற்று அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையை வலுப்படுத்தும் பணிகள் நடைபெற்றன. அவர்கட்குப் பேரழிவு என்பது நீர் வருதலே. ஒரே நீரைப் பற்றிய இரண்டு அச்சங்கள் இங்ஙனம் மலையின் இருபுறமும் வளர்ந்தன.

இந்நிலையிலேதான் 2011 நவம்பரில் சோகன் ராய் இயக்கிய ‘டேம் 999’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. அணை உடைதலை உச்சமாகக் கொண்ட திகிற்கதை அது. சீனத்தின் ஹெனான் மாநிலத்தில் 1975 ஆகஸ்டில் சூறாவளி மழையால் பான்சியாவ் அணை உடைந்த நிகழ்ச்சியே அதற்குத் தூண்டுதல் எனக் கூறப்பட்டது. தமிழக அரசு அப்படத்தைத் தடைசெய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அடுத்த திங்களில் பள்ளத்தாக்கின் மக்கள் ஆயிரக்கணக்கிற் திரண்டு குமுளி எல்லை நோக்கி நடந்தனர்.

அப்படத்தைக் குறித்த கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. அது கற்பனை, அதில் பெரியாற்று அணையின் பெயரே இல்லை என்றனர் ஒரு சாரார். 999 என்னும் எண்ணே குத்தகை ஆண்டுகளைச் சுட்டுகின்றது; அண்டை அணையை இடிக்கவேண்டும் என்னும் கருத்தைக் கதைவழி விதைக்கின்றது என்றனர் மற்றொரு சாரார். பின்னையோர் கருத்தை வெறும் ஐயம் என ஒதுக்குதல் இயலாது. பெயர் கூறாது குறிப்பாற் பொருளுணர்த்தலை இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் வகுத்த மரபினர் நாம். தலைப்பிலுள்ள எண்ணைப் பொருளற்றது எனக் கொள்வது எங்ஙனம்?

ஆயினும் இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அது கதைவகையின் இயல்பைப் பற்றியது. திகிற்கதையில் அணை உடைந்தே ஆகவேண்டும். நூறாண்டு கடந்தும் நிற்கும் அணையால் அக்கதைக்குப் பயன் இல்லை. பான்சியாவ் அணை மண்ணால் ஆயது. நீர் அதன் மேல்வழிந்து அரித்தமையால் உடைந்தது. மச்சு அணையில் உடைந்தவையும் மண்கரைகளே. பெரியாற்று அணையோ தன் எடையால் நீரைத் தாங்கும் கட்டுமானம். இவ்வேறுபாட்டை ஆராய்தல் பொறியியலின் கடன். கதை அதனைச் செய்வதில்லை. ஓர் அணையின் அழிவை மற்றோர் அணையின் ஊழாகக் காட்டிவிடுகின்றது. உச்சநீதிமன்றம் அமைத்த குழு அணை பாதுகாப்பானது என 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் நாள் நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அறிக்கையினும் தீர்ப்பினும் விரைந்து நெஞ்சிற் பதிவது உடையும் அணையின் காட்சியே அன்றோ?

பஞ்சத்தைக் கருவாகக் கொண்ட நாவல்களை இதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். செயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013) தாதுப் பஞ்சக்காலச் சென்னையைக் களமாகக் கொண்டது. அ. வெண்ணிலா ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘நீரதிகாரம்’ பெரியாற்று அணை எழுந்த வரலாற்றைக் கூறுவது. இவற்றிலும் கற்பனை உண்டு. ஆயின் அழிவு முன்னரே நடந்து முடிந்தது, ‘ஏன் நடந்தது?’ என்பதே எஞ்சும் வினா. பயில்வோரும் பதிவுகளை நாடி அவ்வினாவிற்கு விடை தேட இயலும். வருங்கால அழிவைக் கூறும் கதைக்கு அத்தகைய உரைகல் இல்லை. அங்கே கதையை அளக்கும் கோல் பயில்வோரின் அச்சமே ஆகின்றது.

இனி, தமிழர் கருத்து, மலையாளர் கருத்து எனப் பகுத்தல் பொருந்துமா என்பதையும் எண்ணவேண்டும். அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் அமைந்தது வண்டிப்பெரியாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் தமிழர் மிகப் பலர். கம்பத்தில் நீர் வாராமைக்கு அஞ்சுபவரும் தமிழரே. வண்டிப்பெரியாற்றில் நீர் வருதலுக்கு அஞ்சுபவரும் தமிழரே. மொழி பயில்வோரைப் பிரிக்கவில்லை. ஆற்றின் போக்கே பிரித்தது. மஞ்சளாற்றை நம்பி வாழும் தேவதானப்பட்டி போன்ற ஊர்களில் நின்று நோக்குவார்க்கு இவ்விரு அச்சமும் ஒருங்கே விளங்கும்.

தடையைப் பற்றியும் ஒன்று கூறுதல் கடன். மக்கள் சினத்திற்குக் காரணம் இருந்தது என்பதை மறுத்திலோம். ஆயின் தடையால் தமிழகத்தார் பலர் அப்படைப்பைக் காணாமலே கருத்துரைக்க நேர்ந்தது. அதன் குறைகளைக் காட்சி காட்சியாக எடுத்துக்காட்டி மறுக்கும் திறனாய்வு தோன்ற இடமில்லாது போயிற்று. மறுத்தற்குரிய நூலையும் கற்றே மறுத்தல் நம் உரையாசிரியர் நெறி.

ஆகவே, இத்தகைய கதைகளை ஆராயப் புகும் மாணவர் நூலை மட்டும் நோக்குதல் போதாது. எந்த அழிவு தூண்டியது, அது எந்த நிலத்தின் மேல் ஏற்றப்பட்டது, பயில்வோர் ஆற்றின் எப்பக்கத்தில் வாழ்கின்றனர் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். குமுளிக்கு இப்பாலும் அப்பாலும் சென்று இரு திறத்தார் கூற்றையும் தொகுக்கும் ஆய்வு இன்றியமையாதது. உடைந்ததைப் பற்றிய கதைகளோடு, தடுத்து நின்ற மூங்கிலைப் பற்றிய கதைகளையும் அவர்கள் கேட்டு எழுதிக்கொள்வாராக.