பொருந்துச்சே, போதாதா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகன் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். பெருமாள்மலை தாண்டியதும் பிரேக் பிடிக்கவில்லை. மிதிக்கிறான், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கருகல் வாடை வேறு. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி ஒரு மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறான். பின் சீட்டில் மனைவியும் ஏழு வயது மகளும். யாருக்கும் அடி இல்லை, தெய்வச் செயல்.

வண்டியைக் கட்டி இழுத்து வத்தலகுண்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் கொண்டுபோனார்கள். நானும் போயிருந்தேன். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை எடுத்து என் கையில் வைத்தான். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய கறுப்புக் கட்டை பாளம் பாளமாக வெடித்து, ஒரு பக்கம் பெயர்ந்தே போயிருந்தது. கம்பெனி பேட் 2,400 ரூபாய். இது இணையத்தில் 750 ரூபாய்க்கு வாங்கி, வேறு எங்கோ மாட்டியது.

"கரெக்டா பொருந்துச்சு அத்தை. மாட்டினவரும் ஒண்ணும் சொல்லலையே" என்றான் தம்பி மகன்.

அந்த "பொருந்துச்சு" என்ற வார்த்தை என் மனதிலேயே நின்றுவிட்டது. ஒரு வண்டியின் சாமான் இன்னொரு வண்டிக்குப் பொருந்துவது ஒரு காலத்தில் உலகமே வாயைப் பிளந்த அதிசயம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். இந்தக் கதை நானாகத் தேடிப் படித்தது. பிழை இருந்தால் பொறியாளர் பிள்ளைகள் திருத்துங்கள்.

1900களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கார் செய்தவர்கள் கைவினைஞர்கள். நம் ஊர் தச்சர் நிலைக்குத் தக்கபடி கதவை இழைத்து மாட்டுவார் அல்லவா? ஒரு வீட்டுக் கதவைக் கழற்றிப் பக்கத்து வீட்டு நிலையில் மாட்ட முடியாது. அதுபோலத்தான் காரும். ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி ராவி அந்த ஒரு வண்டிக்கென்று சேர்ப்பார்கள். ஏதாவது உடைந்தால் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் கெடிலாக் காரைச் செய்த ஹென்றி லீலாண்ட் வேறு பள்ளியில் படித்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் இருந்தவர். எல்லாப் பாகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஏறக்குறைய மதம்.

அவருடைய லண்டன் முகவர் ஃபிரெடரிக் பென்னட் 1908இல் ஒரு சோதனைக்கு முன்வந்தார். ராயல் ஆட்டோமொபைல் கிளப் மேற்பார்வை. கிடங்கில் இருந்த கெடிலாக்குகளில் மூன்றைக் கிளப்காரர்களே பொறுக்கி எடுத்து, புரூக்லேண்ட்ஸ் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோய், திருகு திருகாகக் கழற்றினார்கள். வண்டிக்கு 721 பாகம். மூன்று வண்டிச் சாமானையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதில் 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, பதிலுக்கு முகவரின் கடையில் இருந்த ஸ்பேர்களைப் போட்டார்கள். அரம் தொடக்கூடாது. ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும். மறுபடி மூன்று கார் எழுந்து நின்றது. மூன்றும் 500 மைல் ஓடி முடித்தன. கெடிலாக்குக்கு டூவர் கோப்பை கிடைத்தது. நீங்கள் இன்று கடைக்குப் போய் வண்டிப் பெயரைச் சொல்லி ஒரு பாகத்தை வாங்கி வந்து மாட்டுகிறீர்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

அதே 1908இல்தான் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள். இத்தனை வண்டியும் ஒரே அளவு என்றால் என்ன ஆகும்? லேத் வைத்திருப்பவன் எவனும் ஒரு பாகத்தைப் பார்த்து இன்னொன்று கடைந்துவிடலாம். கடைந்தார்கள், விற்றார்கள். அசல் ஃபோர்டு பாகம் இங்கே கிடைக்கும் என்று முகவர்கள் தனியாகப் பலகை மாட்ட வேண்டி வந்தது. பொருந்தும்படி செய்த அதே கெட்டிக்காரத்தனம்தான் போலிக்கும் கதவைத் திறந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் கம்பெனியின் பெட்டியில் வராத சாமானெல்லாம் போலி என்று நினைத்துவிடாதீர்கள். கார் கம்பெனிகளே பல பாகங்களை வெளியில்தான் வாங்குகின்றன. நம் தமிழ்நாட்டு ராணே, பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் எல்லாம் அப்படி வளர்ந்தவைதான். அவர்கள் தங்கள் பெயரிலேயே கடைக்கும் தருகிறார்கள். செய்தவர் பெயர் தெரியாத சாமானைப் பற்றித்தான் என் பேச்சு.

அளவைக் கண்ணால் பார்க்கலாம், வெர்னியர் வைத்து அளக்கலாம். உலோகம் எது, அதை எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள் என்பதை எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் போல்ட்டின் தலையில் அடையாளம் போடும் வழக்கம் வந்தது. அமெரிக்க முறையில் தலையில் 3 கோடு என்றால் கிரேடு 5. சுற்றிலும் 6 கோடு என்றால் கிரேடு 8, கலப்பு எஃகில் செய்த பலசாலி. நம் வண்டிகளில் 8.8, 10.9 என்று எண்ணாக இருக்கும். 8.8இல் முதல் 8, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 800 நியூட்டன் இழுவிசை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. புள்ளிக்குப் பின் வரும் 8, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பதைக் காட்டுகிறது. பக்கத்தில் செய்தவரின் எழுத்தும் இருக்கும். இன்றைக்கே உங்கள் வண்டியில் குனிந்து பாருங்கள், இது வீட்டுப்பாடம்.

1980களில் அமெரிக்காவில் இந்த 6 கோட்டிலேயே கைவைத்தார்கள். போரான் கலந்த மலிவு எஃகில் செய்த போல்ட்டுக்கு 8.2 என்று தனி கிரேடு உண்டு. சாதாரண வெப்பத்தில் அது கிரேடு 8 போலவே உழைக்கும். சூடு ஏறும் இடத்தில் பிடி தளர்ந்துவிடும். அதற்கும் 6 கோடுதான், ஆனால் கோடுகளின் வரிசை வேறு. வெளிநாடுகளிலிருந்து பெருமளவில் வந்த போல்ட்டுகளில் இந்த மலிவு எஃகின் மேல் அசல் கிரேடு 8இன் அடையாளத்தையே அடித்திருந்தார்கள். கடைக்காரருக்கும் தெரியாது, மாட்டுகிறவருக்கும் தெரியாது. ராணுவக் கிடங்கு வரை போய்விட்டது. கார்த் தொழிலின் தாய்வீடான மிச்சிகன் மாநிலத்து உறுப்பினர் ஜான் டிங்கெல் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்து 1988இல் அறிக்கை கொடுத்தது. 1990 நவம்பரில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஒரு போல்ட்டுக்காக ஒரு நாடு சட்டம் போட்டிருக்கிறது! ஆனால் அதை நடைமுறைப்படுத்துவதைத் தள்ளித் தள்ளிப் போட்டு, 1999இல் பெரிய திருத்தம் செய்த பிறகுதான் ஒரு நிலைக்கு வந்தது. சட்டம் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.

பாகம் மட்டுமல்ல, கருவியும் அப்படித்தான். காரை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் மெக்கானிக் அடியில் போவார். ஸ்டாண்டின் தண்டில் வரிசையாகப் பல் இருக்கும், ஒரு கொக்கி அதில் மாட்டிக்கொண்டு எடையைத் தாங்கும். 2020இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற மலிவு விலைக் கருவிக் கடைத் தொடர், தான் விற்ற சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் அச்சுகள் தேய்ந்து, துளைகளின் அளவு ஆளுக்கொரு விதமாகிவிட்டது. கொக்கி பல்லில் முழுசாக மாட்டாமல், வண்டி லேசாக அசைந்தால் சடாரென்று இறங்கிவிடலாம். இதில் யாரும் போலி செய்யவில்லை, தேய்ந்த அச்சை மாற்றாமல் விட்டதுதான். இன்னும் கேளுங்கள். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் சிலவற்றில் வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டு அவற்றையும் திரும்ப வாங்கினார்கள்.

இதை நான் சொன்னபோது என் மாணவன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வரவில்லை. "டீச்சர், நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கழட்டின வீலையும் படுக்க வச்சிருக்கேன், பாருங்க. ஸ்டாண்டு விட்டாலும் வண்டி அதுல உக்காந்துரும்" என்றான். குனிந்து பார்த்தேன், இருந்தது. நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லாமல் என்னிடம் அடி வாங்கியவன்.

பிரேக் கட்டைக்கு வருகிறேன். 1897இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், வண்டியோட்டிகள் மலையிறக்கத்தில் மரப் பிரேக்கின் மேல் பழைய பூட்ஸ் தோலை அடித்து ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, பிரேக்குக்கென்று தனிப் பொருள் செய்யத் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு வந்ததுதான் ஃபெரோடோ. பிறகு வெப்பம் தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். அதன் தூசி நுரையீரலைத் தின்னும் என்று தெரிந்து, அமெரிக்கக் கார் கம்பெனிகள் விட்டுவிட்டன. ஆனால் அங்கே கடையில் தனியாக விற்கும் இறக்குமதி பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதற்கு முழுத் தடை வந்தது 2024இல்தான். அதுவரை பெட்டியைப் பார்த்துப் பலருக்கும் தெரிந்திருக்காது.

என் மாணவன் டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசி ஊதுகிறவன். அன்று அவனைத் திட்டிவிட்டேன். தண்ணீர் தெளித்துத் துடை, முகத்தில் மாஸ்க் போடு என்றேன். "சரி டீச்சர்" என்று அன்று மாதிரியே தலையை ஆட்டினான். செய்கிறானா என்று பார்க்க அடுத்த வாரம் சொல்லாமல் போகப்போகிறேன்.

தம்பி மகன் 2,400 ரூபாய் பேடை, கடைப் பில்லோடு வாங்கி மாட்டிவிட்டான். உடைந்த பழைய பேடை நான் கேட்டு வாங்கிவந்து வீட்டு வராந்தா மேசைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நல்ல பேடும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் கையில் எடுத்து, எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். உடைந்த பக்கத்தைத் துணியால் மூடித்தான் வைத்திருக்கிறேன்.