மெருகடி வண்ணம்

மட்பாண்டத்தின் மேல் நிறமிகளால் சித்திரம் தீட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் மெருகைப் பூசிச் சூளையில் சுடும் அலங்கார முறை மெருகடி வண்ணம் எனப்படும். மெருகு என்பது பாண்டத்தின் மேல் உருகி ஒட்டிய கண்ணாடிப் படலம். பட்டறைகளில் கிளேஸ் என்பார்கள். சித்திரம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் அகப்பட்டுக்கொள்வதால் எத்தனை முறை கழுவினாலும், கரண்டி உரசினாலும் நிறம் போவதில்லை. உருகி இறுகிய மெருகின் மேல் தீட்டி, 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான குறைந்த சூட்டில் மறுபடி சுடுவது மேல்வண்ணம். அதில் சிவப்பும் பொன்னும் எளிதாகக் கிடைக்கும், ஆனால் நாளடைவில் தேயும். இன்னும் சுடாத மெருகின் மேலேயே தீட்டி, இரண்டையும் சேர்த்து உருக்குவது மூன்றாவது வழி. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம். செய்முறையிலும் உழைக்கும் காலத்திலும் மூன்றும் வேறு.

தமிழகத் தொல்லியல் களங்களில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பாண்டங்களின் பளபளப்பு இந்த வகையில் சேராது. அது ஈரம் முற்றும் காயாத மண்ணை வழவழப்பான கல்லால் தேய்த்து வந்த மினுக்கம். அங்கே கண்ணாடி எதுவும் இல்லை.

கண்ணாடியும் நிறமும்

மெருகின் முதற்பொருள் சிலிக்கா. மணலிலும் வெங்கச்சங்கல்லிலும் இருப்பது. அது தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூளையில் வைத்த பாண்டம் அதற்கு முன்பே உருக்குலைந்துவிடும். ஆகவே ஈயம், சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, வெண்காரம் போன்ற இளக்கிகளைச் சேர்த்து உருகுநிலையைத் தாழ்த்துகிறார்கள். உருகிய மெருகு வழிந்து ஓடாமல் பாண்டத்தைப் பற்றி நிற்க அலுமினா வேண்டும். மெருகில் கலக்கும் களிமண் அதைத் தருகிறது.

எந்த இளக்கி என்பதுதான் நிறத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே செம்பு ஈய மெருகின் கீழ் இலைப்பச்சையாகும், சோடா மெருகின் கீழ் மயில்கழுத்து நீலமாகும், ஆக்சிஜன் குறைந்த தீயில் சிவப்பாகும். கடுஞ்சூட்டில் செம்பு ஆவியாகிப் போவதும் உண்டு. இரும்பு மஞ்சள், பழுப்பு, கறுப்பு என அளவுக்கும் தீக்கும் ஏற்ப மாறும். கோபால்ட் மட்டும் எந்தத் தீயிலும் நீலமாகவே நிற்கிறது. 1,300 டிகிரி சூட்டையும் தாங்குகிறது. மெருகில் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சேராத அளவே ஆழ்ந்த நீலத்துக்குப் போதும். மெருகடி வண்ணத்தின் வரலாறு பெரும்பாலும் நீலத்தின் வரலாறாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தொடக்க முயற்சிகள்

கண்ணாடிப் படலம் பூசும் வித்தை எகிப்திலும் மெசபடோமியாவிலும் மிகப் பழையது. சீனத்தில் ஷாங் காலத்திலேயே விறகுச் சாம்பல் சூளையில் பாண்டத்தின் மேல் உருகிப் படிந்து மெருகானது. ஆனால் மெருகுக்கு அடியில் சித்திரம் எழுதத் தொடங்கியது வெகு பின்னால். தாங் காலத்தில் சாங்ஷா சூளைகள் இரும்பையும் செம்பையும் கொண்டு பறவை, இலை, மேகம் ஆகியவற்றைக் கிண்ணங்களில் விரைந்த தூரிகை வீச்சுகளாக எழுதி மெருகிட்டன. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட அரபுக் கப்பலின் சரக்கில் சாங்ஷா கிண்ணங்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறிக்கப்பட்டிருந்தது. அதே கப்பலில் கோபால்ட் நீலம் தீட்டிய சீனத் தட்டுகள் மூன்று முழுமையாகக் கிடைத்தன. ஆயிரங்களுக்கு நடுவே மூன்று என்பதே அன்று அந்த நீலம் எவ்வளவு புதியது என்பதைக் காட்டும்.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா குயவர்கள் சீனத்து வெள்ளைப் பாண்டங்களைப் பார்த்து அதுபோலச் செய்ய முயன்றார்கள். அவர்களிடம் வெள்ளைக் களிமண் இல்லை. மெருகில் வெள்ளீயத்தைச் சேர்த்து ஒளி ஊடுருவாத வெண்மையாக்கி, மஞ்சள் மண்ணை மறைத்து, அதன்மேல் கோபால்ட் தீட்டினார்கள். நீலம் மெருகினுள் கரைந்து ஓரம் கசிந்தது. கோட்டைக் கோடாக நிறுத்த அந்த மெருகால் முடியவில்லை.

அதற்கான விடை பாரசீகத்தில் காஷான் நகரில் 1200ஆம் ஆண்டையொட்டிக் கிடைத்தது. ஈயம் மிகுந்த மெருகு உருகும்போது நிறமியை இழுத்துக்கொண்டு ஓடும். சோடா மெருகு அவ்வளவு இழுப்பதில்லை. ஆனால் சோடா மெருகு சாதாரணக் களிமண்ணோடு ஒட்டி இருக்காது, விரிசல் விட்டு உரியும். ஆகவே பாண்டத்தின் உடலையே மாற்றினார்கள். காஷானின் குயவர் குடும்பத்தில் வந்த அபுல் காசிம் 1301இல் எழுதிய நூலில் அளவு இருக்கிறது: அரைத்த வெங்கச்சங்கல் பத்துப் பங்கு, கண்ணாடித் தூள் ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. இந்த உடலின் மேல் கறுப்பும் நீலமும் கூரிய கோடாக நின்றன. நிறத்துக்காக மெருகையும், மெருகுக்காக மண்ணையும் மாற்றிய இந்தத் துணிவு மட்பாண்ட வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று. காஷான் அருகே கம்சரில் கோபால்ட் கனிமமும் தோண்டப்பட்டது.

ஜிங்தேசென்

சீனத்தின் ஜியாங்ஸி மாகாணத்தில் உள்ள ஜிங்தேசென்னுக்கு இந்தப் பாரசீக நீலம் வந்து சேர்ந்தது. அங்கே கயோலினும் பீங்கான் கல்லும் கலந்த வெண்ணிற உடல் இருந்தது, 1,300 டிகிரி வரை ஏறும் சூளை இருந்தது, சுண்ணாம்பு சேர்ந்த தெளிந்த மெருகும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றும் நீலத்தோடு பொருந்தின. 1351 என்று தேதி எழுதப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டேவிட் குடுவைகள் இரண்டும் அந்தக் கலை அதற்குள் முற்றிவிட்டதற்குச் சான்று. நீண்ட கழுத்து, யானைத்தலைக் கைப்பிடிகள், உடலைச் சுற்றி வளையும் டிராகன். எங்கும் கோடு கலங்கவில்லை.

ஜிங்தேசென்னில் சித்திரத்தைச் சுடாத பச்சைப் பாண்டத்தின் மேலேயே எழுதினார்கள். காய்ந்த மண் தூரிகையின் ஈரத்தைத் தொட்ட மாத்திரத்தில் உறிஞ்சிவிடும். கை தயங்கிய இடத்தில் நிறம் கூடுதலாக இறங்கும். எழுதிய கோட்டை அழிக்க வழியில்லை. எழுதும் கைக்குத் தெரிவது கருஞ்சாம்பல் நிறம்தான், நீலம் சூளைக்குள்ளேதான் பிறக்கிறது. ஆகவே ஓவியர் மனத்தில் ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு கண்ணுக்கு வேறொரு நிறத்தில் வேலை செய்தார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யோங்லே, சுவாந்தே பேரரசர்களின் காலத்துப் பாண்டங்களில் கோடுகளின் நடுவே கருநீலப் புள்ளிகள் திரண்டு மெருகைத் துளைத்து மேலே வந்திருக்கும். இரும்பு மிகுந்த வெளிநாட்டுக் கோபால்ட் தடித்து இறங்கியதன் விளைவு அது. குறையென்று தொடங்கியதைப் பின்னாளில் விரும்பினார்கள். 18ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் அந்தப் புள்ளிகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாக வைத்து நகலெடுத்தார்கள்.

நீலத்துக்கு இணையாகச் செம்பின் சிவப்பையும் மெருகடியில் முயன்றார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பெருமளவில் செய்யப்பட்டது, ஆனால் பெரும்பாலும் சாம்பல் படர்ந்தோ வெளிறியோதான் சூளையிலிருந்து வெளிவந்தது. தீ சற்றுத் தவறினால் சிவப்பு போய்விடும்.

ஜிங்தேசென்னில் தங்கியிருந்த பிரெஞ்சு ஜெசுவிட் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் பட்டறை வேலையை அருகிலிருந்து காட்டுகின்றன. ஒரு பாண்டம் எழுபது பேர் கைமாறி முடிந்தது. கோடு இழுப்பவர் ஒருவர், அதை நிரப்புபவர் இன்னொருவர். மெல்லிய பாண்டத்துக்கு மெருகைத் தோய்க்காமல், ஒரு முனையில் மெல்லிய துணி கட்டிய குழாயால் ஊதித் தெளித்தார்கள்.

இந்தச் சரக்கு தமிழர் கடற்கரைகளையும் தொட்டது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஈடுபட்ட ஆய்வுகளில் சீனத்தின் லோங்சுவான் சூளைகளின் இளம்பச்சை மெருகுச் சில்லுகளும் நீலச் சித்திரச் சில்லுகளும் கிடைத்தன. இலங்கையின் மன்னார்க் கரையில் உள்ள மாந்தையில் அதற்கும் முற்பட்ட சீன, இஸ்லாமிய மெருகுப் பாண்டங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

பிற நாடுகளில்

வியட்நாமும் ஜப்பானின் அரித்தாவும் இந்த முறையைத் தமதாக்கிக்கொண்டன. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் 1450 என்று தேதியிட்ட வியட்நாமியக் குடுவை இருக்கிறது. துருக்கியின் இஸ்னிக் குயவர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தக்காளிச் சிவப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். இரும்பு மிகுந்த செம்மண்ணைத் தடிமனாக அப்பினால்தான் அது நிற்கும். ஆகவே இஸ்னிக் ஓட்டின் மேல் விரலை ஓட்டினால் சிவப்பு மட்டும் மேடாகத் தட்டுப்படும்.

ஐரோப்பாவில் டெல்ஃப்ட் குயவர்கள் செய்தது மெருகடி வண்ணம் அன்று. பஸ்ராவைப் போல வெள்ளீய மெருகின் மேல்தான் அவர்கள் தீட்டினார்கள். மாய்ஸனில் 1710இல் பீங்கான் ஆலை தொடங்கியும், மெருகடி நீலம் கைவர மேலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் தூரிகையையே விலக்கியது. செதுக்கிய செப்புத் தகட்டில் எண்ணெய் குழைத்த கோபால்ட்டைத் தடவி, மெல்லிய தாளில் அச்செடுத்து, முதற்சூடு கண்ட பாண்டத்தின் மேல் ஒட்டி, தூரிகைக் கட்டையால் அழுத்தித் தேய்த்து, தாளை நீரில் ஊறவைத்து உரித்தார்கள். எண்ணெய் எரிய ஒருமுறை இலேசாகச் சுட்டபின் மெருகில் தோய்த்தார்கள். அங்கே குயவர் ஜோசையா ஸ்போட் 1784ஐயொட்டி இதைச் செம்மைப்படுத்தினார். நடுத்தரக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்கு நீலச் சித்திரத் தட்டு வந்தது இதனால்தான். விலை இறங்கியது, கூடவே ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை இருந்த அடையாளமும் போனது. அது சிறிய இழப்பல்ல.

1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் குரோமியத்தைக் கண்டுபிடித்த பின் மெருகடிக்கு நிலையான பச்சை கிடைத்தது. வெள்ளீயத்தோடு குரோமியத்தைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு. 20ஆம் நூற்றாண்டில் சிர்கோனியத்தோடு வனேடியத்தையும் பிரசியோடைமியத்தையும் இணைத்து நீலமும் மஞ்சளும் செய்தார்கள். கடுஞ்சூடு தாங்காத காட்மியச் சிவப்பைச் சிர்கான் உறைக்குள் அடைத்தது அதற்கும் பிந்திய சாதனை.

இந்தியாவில் இம்முறையின் பெயர்பெற்ற கிளை ஜெய்ப்பூர் நீலப் பாண்டம். வெங்கச்சங்கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் கலந்த அதன் உடல் காஷானின் உறவு. 20ஆம் நூற்றாண்டில் கிருபால் சிங் ஷெகாவத் அதற்குப் புத்துயிர் தந்தார். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, கடுஞ்சூட்டு மெருகுகளைப் பயின்ற ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியது.

தேர்வும் பயன்பாடும்

இன்று கடையில் கிடைக்கும் மெருகடி வண்ணம், சுட்டு அரைத்த நிறமியோடு களிமண்ணும் கொஞ்சம் இளக்கியும் கலந்தது. களிமண் அதைப் பாண்டத்தோடு ஒட்டவைக்கும், இளக்கி அதைத் தூளாக உதிராமல் பிடிக்கும். வெறும் ஆக்சைடைத் தடிமனாகத் தீட்டினால் மெருகு அதன்மேல் ஒட்டாமல் சுருண்டு விலகி, மண் தெரியும் திட்டுகளை விட்டுவிடும். வேலம்பிசின் கலந்த தண்ணீரில் குழைத்தால் தூரிகை இழுபடாமல் ஓடும்; பிசின் மிகுந்தால் பாண்டம் மெருகை உறிஞ்சாது.

மெருகைத் தேர்கையில் நிறமியின் குணம் முன்னிற்க வேண்டும். குரோமியம்-வெள்ளீய இளஞ்சிவப்புக்குச் சுண்ணாம்பு நிறைந்த, துத்தநாகம் இல்லாத மெருகு தேவை. துத்தநாகம் சேர்ந்தால் குரோமியப் பச்சையும் பழுப்பாகிவிடும். மெருகு தடித்தால் பால்போல மங்கிச் சித்திரத்தை மறைக்கும், மெலிந்தால் சொரசொரக்கும். ஆறும்போது மெருகு உடலைவிட அதிகம் சுருங்கினால் மேற்பரப்பெங்கும் வலைபோல விரிசல் ஓடும். இவற்றையெல்லாம் ஏட்டில் கணக்கிட்டு முடிவு செய்ய முடியாது. அதே மண், அதே சூளை, அதே சூடு கொண்டு சிறு ஓடுகளைச் சுட்டுப் பார்த்த பிறகே நல்ல பட்டறைகள் பாண்டத்தில் கைவைக்கின்றன. ஒரே ஓட்டில் ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு எனப் பட்டையிட்டால் தடிமனின் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

உண்ணும் கலமானால் ஈயம் சேர்ந்த மெருகு கூடாது. புளிக்குழம்பு, ஊறுகாய், தயிர் போன்ற புளிப்புப் பண்டங்கள் சரியாகச் சுடாத மெருகிலிருந்து ஈயத்தைக் கரைத்தெடுக்கும். காட்மிய நிறங்கள் உணவு படும் உட்புறத்துக்கு ஏற்றவையென விற்பவர் சொன்னாலும், கசிவுச் சோதனை செய்தபிறகு பயன்படுத்துவதே முறை. கோபால்ட், மாங்கனீசுத் தூளை உலர்ந்த நிலையில் கையாளும்போது முகக்கவசம் தேவை.

முதற்சூடு கண்ட பாண்டத்தின் தூசியை ஈரப் பஞ்சால் துடைத்து, சித்திரம் நன்றாகக் காய்ந்த பின், மெருகுத் தொட்டியில் இரண்டு மூன்று எண்ணிக்கைக்குள் தோய்த்தெடுக்க வேண்டும். நெடுநேரம் வைத்தால் மெருகு தடிப்பதோடு கோடுகளும் கரையத் தொடங்கும். கடைசியாக அடிவளையத்தில் படிந்த மெருகை முழுதும் துடைத்துவிட வேண்டும். ஒரு துளி மிஞ்சினாலும் அது உருகிப் பாண்டத்தைச் சூளைத் தட்டோடு ஒட்டவைத்துவிடும்.