குவார்ட்ஸும் கால்சைட்டும்

என் மேசைமேல் இரண்டு கற்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நிறமில்லை, இரண்டும் பெருவிரல் நீளம். கையில் தூக்கிப் பார்த்தாலும் பேதம் தெரியாது. ஒன்றின் அடர்த்தி 2.65, மற்றதன் அடர்த்தி 2.71. முதலாவது குவார்ட்ஸ், நம் ஊர்ப் பேச்சில் ஸ்படிகம். இரண்டாவது கால்சைட், சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் முட்டை ஓடும் இந்தக் கனிமத்தால் ஆனவைதான்.

அந்தக் கால்சைட்டையும் ஸ்படிகம் என்று சொல்லித்தான் ஒரு மலையூர்க் கடையில் எனக்கு விற்றார்கள். வீட்டுக்கு வந்து கத்தி முனையால் ஓரத்தைச் சுரண்டினேன். வெள்ளை மாவு உதிர்ந்தது. மாவின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. குவார்ட்ஸில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், சாறும் சும்மா கிடக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கால்சைட் 3, கத்தி இரண்டுக்கும் நடுவில். ஏமாந்த வருத்தம் அன்றைக்கே போய்விட்டது. அந்தக் கல்தான் எனக்குப் படிகங்களைக் கற்றுக்கொடுத்தது.

கனிமம் படிக்கப் புதிதாக வருகிறவர் வடிவத்தை நம்புவார். குவார்ட்ஸில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போகாது. ஆறு பட்டைத் தூண், நுனியில் கூம்பு. பட்டையின்மேல் நகத்தை நீளவாக்கில் இழுத்தால் குறுக்குக் கோடுகளில் இடறி இடறிப் போகும். குட்டையாகவோ நெடியதாகவோ, இருமுனையும் கூராகவோ, ஊதா நிறச் செவ்வந்திக்கல்லாகவோ வந்தாலும் குடும்பச் சாயல் விட்டுப்போகாது.

கால்சைட் வேறு மாதிரி. ஒரு குகையில் நாய்ப்பல் போலக் கூர்கூராக நிற்கும். வேறொரு சுரங்கத்தில் ஆணித்தலை போலத் தட்டையாக இருக்கும். மெல்லிய தகடாக வளரும், சாய்ந்த பெட்டியாக வளரும், ஆறு பட்டைத் தூணாகவும் வளர்ந்து குவார்ட்ஸோ என்று மயங்க வைக்கும். இதில் பதிவான வடிவங்கள் நூற்றுக்கணக்கானவை.

இத்தனை உருவம் எங்கிருந்து வருகிறது? கரைசலிலிருந்து வந்து ஒட்டும் துகள்களால் படிகத்தின் ஒவ்வொரு முகமும் தன் வேகத்தில் வெளிநோக்கி நகர்கிறது. வேகமாக வளரும் முகம்தான் பெரிதாகும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. நிலைக்கு நிலை குறுகிக்கொண்டே உயரும் கோபுரத்தைப் போல, வேகமாக ஏறும் முகம் பக்கத்து முகங்களுக்கிடையே சுருங்கி, கடைசியில் இல்லாமலே போகும். மெல்ல வளர்ந்த முகங்களே மிஞ்சி, நாம் பார்க்கும் வடிவமாகின்றன. வெப்பநிலை, கரைசலின் அடர்த்தி, உடன் கரைந்திருக்கும் மக்னீசியம் போன்றவை மாறினால் வேகங்களும் மாறும். கால்சைட்டில் இந்த மாற்றம் எளிதில் நடக்கிறது. குவார்ட்ஸில் தூணின் பட்டைகள் பெரும்பாலும் மெதுவாகவும் நுனிமுகங்கள் வேகமாகவும் வளர்வதால் அந்தத் தூண் உருவம் நிலைத்துவிடுகிறது.

இரண்டு கற்களையும் அறிவுலகம் ஒரே ஆண்டில் உற்றுப் பார்த்தது எனக்குத் தீராத வியப்பு. 1669இல் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க்காரர் (ஸ்டெனோ என்றால் பலருக்குத் தெரியும்) பிளாரன்ஸில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். குவார்ட்ஸின் குறுக்குவெட்டுகளை வரிசையாக வரைந்து, பக்கங்களின் நீளம் எப்படி மாறினாலும் கோணங்கள் மாறுவதில்லை என்று அதில் காட்டினார். கோணலாக வளர்ந்த தூணிலும் பட்டைக்குப் பட்டை 120 பாகைதான். படிகம் செடியைப் போல உள்ளிருந்து வளர்வதில்லை, சூழ்ந்த திரவத்திலிருந்து மேலே மேலே படிந்து வளர்கிறது என்றும் எழுதினார். அதே 1669இல் கோபன்ஹேகனில் எராஸ்மஸ் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த தெளிந்த கால்சைட் வழியே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதை நூலாக்கினார். அவருடைய அண்ணன் தாமஸ், ஸ்டெனோவுக்கு ஆசிரியர். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் குணம் குவார்ட்ஸுக்கும் உண்டு; ஆனால் கால்சைட்டில் அது ஏறக்குறைய 19 மடங்கு அதிகம்.

வளர்ந்த உருவத்தில் குவார்ட்ஸ் தன் ஒழுங்கைக் காட்டுகிறது. கால்சைட்டின் ஒழுங்கைக் காண அதை உடைக்க வேண்டும். பாரிஸில் ரெனே ஆயூயி என்ற பாதிரியார், நண்பரின் சேகரிப்பைப் பார்க்கப் போன இடத்தில் கால்சைட் தூண் ஒன்றைக் கைதவறிப் போட்டு உடைத்தார் என்று சொல்வார்கள். சிதறிய துண்டுகள் எல்லாம் சாய்ந்த பெட்டிகளாக இருந்தன. கதை எப்படியானாலும், பல உருவக் கால்சைட்டுகளை அவர் உடைத்துப் பார்த்ததும், எல்லாவற்றிலும் அதே பெட்டியைக் கண்டதும், 1784இல் அதை நூலாக எழுதியதும் வரலாறு. ஒரே அளவுள்ள நுண்கட்டிகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்ததே படிகம் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

குவார்ட்ஸை உடைத்தால் அப்படி எதுவும் கிடைக்காது. சிலிக்கனும் ஆக்சிஜனும் எல்லாத் திசையிலும் வலுவாகப் பின்னிக்கிடப்பதால் பிளக்க வசதியான தளம் அதற்குள் இல்லை. வழியில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான். அதைத் தட்டிப் பாருங்கள், முறிந்த இடம் கிளிஞ்சலின் உட்புறம் போல வளைந்திருக்கும். எந்தப் பக்கமும் பிளவாமல் தேய்க்க இடம்கொடுக்கும் இந்தக் குணத்தால்தான் தஞ்சைப் பக்கத்து வல்லத்தின் ஸ்படிகம் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி ஆனது. கால்சைட்டில் கால்சியமும் கார்பனேட்டும் அடுக்கப்பட்ட விதத்தில் மூன்று திசைகளில் பிணைப்பு தளர்ந்திருக்கிறது. பிளவு அந்தத் திசைகளிலேயே ஓடும்.

படிகம் கற்க வரும் பிள்ளையின் கையில் முதலில் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டால், கால்சைட் என்றுதான் சொல்வேன். அழகில் குவார்ட்ஸுக்கு ஈடில்லை என்றாலும், தன் உள்ளமைப்பை வெறும் கையால் திறந்து பார்க்க விடுவது கால்சைட்தான்.

கடையில் வாங்கிய அந்தக் கல்லின் ஒரு முனையைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பிரித்தபோது பத்திருபது துண்டுகள். கைக்கண்ணாடியில் பார்த்தால் அரிசி நொய் அளவுத் தூள்கூடச் சாய்ந்த பெட்டி. பிளவு முகங்களுக்கிடையே அதே 105 பாகையும் 75 பாகையும். தெளிவான ஒரு துண்டைச் செய்தித்தாளில் ‘க’ எழுத்தின்மேல் வைத்தேன். இரண்டு ‘க’ தெரிந்தன. விரலால் துண்டை மெல்லத் திருப்பினேன். ஒரு ‘க’ அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றி வந்தது.