தேத்தண்ணியில் இருக்கும் தண்ணி

"தேத்தண்ணி குடிச்சா ஒடம்புல உள்ள தண்ணியும் போயிரும்" என்று மலையகத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். எங்கள் சொல்லுக்குள்ளேயே தண்ணி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பயம் முழுப் பொய்யல்ல. தேயிலையிலுள்ள காஃபின் சிறுநீரைப் பெருக்கும். தினமும் குடிப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடும் என்பது 1928இல் எடி, டவுன்ஸ் இருவரும் செய்த சோதனையிலேயே தெரிந்துபோயிற்று. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 21 ஆண்களுக்குத் தேநீரும், அதே அளவு கொதித்த நீரும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 6 கோப்பை வரை. உடலின் நீர்ச்சத்தில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் "கொதித்த நீர்"தான். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்த எங்கள் சனம், வழியில் கிடைத்த குளத்துத் தண்ணியைக் குடித்தது. வாந்திபேதியில் செத்தவர்கள் ஏராளம். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பருவத்துக்கு மட்டும். பழம் பறித்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. தேயிலைக்கோ வருசம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயத்திலேயே தங்கிவிட்டன.

பீலித் தண்ணியைச் சும்மா குடிக்கலாம். தேத்தூளைப் போட்டால் கொதிக்க வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்காது. இங்கிலாந்தில் பேதிச் சாவுகள் குறைந்ததற்கு இந்தக் கொதிதான் காரணம் என்று மானிடவியலாளர் ஆலன் மேக்ஃபார்லேன் வாதாடினார். அதை லயத்துக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. லயத்துச் சனத்தை உருக்கியது கொக்கிப்புழு. அது வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறுவது, கொதிநீருக்கு அகப்படாது. 1916இல் றொக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் தோட்டங்களுக்கு வந்து மருந்தோடு கக்கூசும் வேண்டும் என்றார்கள். புழு ரத்தத்தைக் குடிக்கும். சோற்றோடு குடிக்கிற சாயமோ சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நல்ல தூள் கப்பலேற, எங்களுக்கு வந்த தூசித்தூளிலும் அந்தக் குணம் குறைவில்லை.

கக்கூஸ் மெல்ல மெல்ல லயத்துக்கு வந்தது. மலைக்கு வரவில்லை. அம்மாயி கொழுந்துக்குப் போகும்போது ஒரு போத்தல் வெறுந்தேத்தண்ணி கொண்டுபோகும். வெயிலில் நாக்கு வறண்டாலும் இரண்டு மிடறுக்கு மேல் குடிக்காது.

"குடிச்சா ஒதுங்கணும்டா. கீழ கங்காணி நிக்கிறான், எங்க போய் ஒதுங்குறது?"

கொழுந்து நிறுத்து முடிந்து லயத்துக்கு வந்தபிறகு, மிச்சத்தைச் சுடவைத்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி, ஒரு சொட்டு விடாமல் குடிக்கும்.