கோப்பு ஒத்திசைவு

கோப்பு ஒத்திசைவு என்பது, ஒரே கோப்பின் படிகள் பல இடங்களில் இருக்கும்போது ஒன்றில் செய்த மாற்றத்தை மற்றவற்றிலும் சேர்த்து, எல்லாப் படிகளும் ஒன்றுபோல இருக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த இடங்கள் அலுவலகக் கணினியாகவோ கைபேசியாகவோ பென் டிரைவாகவோ தொலைவில் எங்கோ ஓடும் சேவைக் கணினியாகவோ இருக்கலாம். பேச்சில் 'சிங்க் ஆயிடுச்சா?' என்று கேட்பார்கள். படி எடுப்பது நொடி வேலை. எடுத்த படிகளில் எது சரியான படி என்று சொல்வதுதான் பாடு. இத்துறையில் நடந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த கரியமாணிக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பட்டியல் சங்கத்துக் கணினியில் ஒன்று, செயலாளரின் மடிக்கணினியில் ஒன்று, வில்லியனூருக்குக் கொண்டுபோன பென் டிரைவில் ஒன்று. திங்கட்கிழமை காலை சங்கத்தில் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். அன்று மாலை செயலாளர் வீட்டில் உட்கார்ந்து, இறந்துபோன ஒருவர் பெயரைத் தம் படியில் நீக்கினார். செவ்வாயன்று பட்டியல்கள் மூன்றும் மூன்று விதம். எதிலும் பொய் இல்லை, எதுவும் முழுதும் இல்லை.

ஏடு பெயர்த்தெழுதியவர்களுக்கு இது பழகிய சங்கடம். ஓர் ஏட்டைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது கை தவறும். அந்தப் படியைப் பார்த்து எழுதுபவர் கையில் தவறு பாடமாகவே நிலைத்துவிடும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல இடத்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கியது இதனால்தான். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் ஓலையாகவும், தாளில் பெயர்த்தெழுதிய படியாகவும், கணினிப் படமாகவும் இருக்கின்றன. 'புதுச்சேரியின் சைவச் சுவடிகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த தொகுப்பில் இவையும் அடக்கம். ஓலையில் பாடபேதம் விளைய தலைமுறைகள் ஆயின. கணினியில் ஒரு மதியப் பொழுது போதும்.

கப்பலேறிய மூன்றாவது படி

பல படிகளைச் சட்டம் போட்டுக் காத்த வரலாறு, பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த புதுச்சேரிக்கு உண்டு. பிரான்சில் 1667 முதலே பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இரண்டு படியாக எழுத வேண்டும் என்ற விதி இருந்தது. 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னன் பிறப்பித்த ஆணை, குடியேற்றங்களின் பதிவேடுகளுக்கும் நோட்டரி ஆவணங்களுக்கும் இன்னொரு படி எழுதி வெர்சாய் நகரில் புதிதாக அமைத்த காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னது. ஈரமும் பூச்சியும் காகிதத்தைத் தின்றுவிடும் ஊர்களுக்கு இது தேவைதான். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரி நகரையே இடித்துத் தள்ளியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் படிகள் இப்போது தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்தியக் குடியேற்றங்களின் பழைய பதிவேடுகளை இணையத்திலும் புரட்டலாம். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகப் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் இப்படிப் படி எழுதி அனுப்பிவைப்பது ஒத்திசைவு ஆகாது. பிறப்புப் பதிவின் ஓரத்தில், பின்னாளில் நடந்த திருமணத்தையும் குறிக்க வேண்டும் என்று 1897-இல் பிரான்சில் சட்டம் வந்தது. உள்ளூர்ப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிய குறிப்பு, என்றோ கப்பலேறிப் போன படிக்குத் தானாகத் தெரியாது. யாராவது தனியே எழுதி அறிவிக்க வேண்டும். கணினித் துறையில் காப்புப்படி என்பதும் ஒத்திசைந்த படி என்பதும் பிரிவது இந்த இடத்தில்தான். காப்புப்படி ஒரு நாளோடு நின்றுவிடும். ஒத்திசைந்த படி இன்றைய நிலையைக் காட்டும். பட்டாவின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு நிலம் வாங்கப் போகிறவர் காப்புப்படியை ஒத்திசைந்த படி என்று நம்பியவர்.

வில்லியனூரிலிருந்து வானொலி வழியே

கரியமாணிக்கத்தின் சுற்றுவட்டாரத்திலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையமாகவும், எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்கள் கிளைகளாகவும் இயங்கின. அப்போது கிராமத்தில் தொலைபேசி இணைப்பே அரிது. மின்சாரம் வரும், போகும். அதனால் சூரிய மின்தகடுகளை வைத்தார்கள். ஊர்களுக்கிடையே பேச்சையும் கணினித் தகவலையும் விஎச்எஃப் வானொலி அலையில் அனுப்பினார்கள். நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த எம்பலத்தில் கோயில் கட்டடத்தின் ஒரு பக்கத்தில் கணினி வைக்க ஊரார் இடம் கொடுத்தார்கள். கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாத காலத்தில், கணினி இருந்த வாசல் வழியே யாரும் போகலாம் என்று இருந்ததை 2000-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது.

விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி என்று வில்லியனூரில் தொகுத்த தகவல் தமிழில் கிளைகளுக்குப் போனது. ஊர்த் தகவல் கிளைகளிலிருந்து வில்லியனூருக்கு வந்தது. கடலலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து அனுப்ப, வீராம்பட்டினத்தில் அதை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவருக்கு நேற்றைய அலை உயரத்தால் பயன் இல்லை. படி பழசானால் அதற்கு விலை உயிராகவும் இருக்கலாம். மையமும் கிளைகளுமான இத்தகைய அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு தகவலையும் திருத்தும் உரிமை ஓரிடத்துக்கு மட்டும் இருந்து, மற்றவை வாங்கி வைத்துக்கொண்டால், எது சரியான படி என்ற கேள்வியே எழாது. மென்பொருள் எழுதுவோர் இன்றும் முடிந்தவரை இந்த வழியையே பிடிக்கிறார்கள்.

எது மாறியது?

மாறியதை மட்டும் அனுப்ப வேண்டுமானால் முதலில் மாறியது எது என்று தெரிய வேண்டும். எளிய வழி, கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் ஒப்பிடுவது. வேகமான வழி, ஆனால் கடிகாரத்தை நம்பிய வழி. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி, மின்சாரம் போய்வந்ததும் தன் தேதியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடும். இன்று காலை அதில் திருத்திய பட்டியல் பழசாகவும், போன மாதப் பட்டியல் புதுசாகவும் தெரியும். மென்பொருளும் பழசைக் கொண்டுவந்து புதுசின் மேல் எழுதிவிடும். பென் டிரைவில் வேறொரு வம்பு. அதில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பு முறை, திருத்திய நேரத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். அதுவும் உள்ளூர் நேரத்தில். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையோ உலகப் பொது நேரத்தில், நொடியின் நுண்கூறுவரை குறிக்கும். ஆகவே அச்சாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு கோப்புகளுக்கு நேரம் மட்டும் ஒத்துவராது. அனுபவப்பட்டவர்கள் இரண்டு நொடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று மென்பொருளுக்குச் சொல்லி வைப்பார்கள்.

நேரத்தை நம்பாதவர்கள் கோப்பின் உள்ளடக்கத்தையே கணக்கிட்டு ஒரு சிறிய எண்ணைப் பெறுகிறார்கள்; கோப்பின் கைரேகை மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். இதை வைத்து 1996-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் உருவாக்கியதுதான் 'ஆர்சிங்க்'. மெதுவான இணைப்பில் பெரிய கோப்பு முழுவதையும் அனுப்பாமல், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புவது அவர்கள் நோக்கம். பழைய படியை வைத்திருப்பவர் அதைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் கைரேகைகளை மட்டும் அனுப்புவார். புதிய படி உள்ளவர் தம்மிடம் அவற்றில் எவை இருக்கின்றன என்று தேடி, இல்லாததை மட்டும் திருப்பி அனுப்புவார். கேட்க எளிது. ஆனால் பால் சங்கப் பட்டியலின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தால் கீழே உள்ள எல்லாமே சற்று இறங்கிவிடும். பழைய வெட்டுக்கோடுகளில் தேடினால் ஒரு துண்டும் பொருந்தாது. அதனால் ஆர்சிங்க் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடுகிறது. நகரும்போது விட்டுப்போன பைட்டைக் கழித்து, புதிதாக வந்த பைட்டைக் கூட்டினாலே அடுத்த கைரேகை கிடைக்கும்படி ஒரு மலிவான கணக்கை அவர்கள் வைத்தார்கள். அது பொருந்தினால் மட்டும் கடினமான இரண்டாவது கைரேகையைச் சரிபார்க்கும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் இதன் அழகு. ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகியும், இன்றும் உலகமெங்கும் சேவைக் கணினிகளில் ஆர்சிங்க் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீக்கமும் முரணும்

சேர்த்ததைவிட நீக்கியதை ஒத்திசைப்பது கடினம். ஒரு கோப்பு இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. இங்கே புதிதாக வந்ததா, அங்கே அழித்ததா? இரண்டு படிகளையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. போன முறை ஒத்திசைத்தபோது என்ன நிலை என்ற நினைவு வேண்டும். சில மென்பொருள்கள் அந்த நினைவைத் தனிக் குறிப்பாக வைத்துக்கொள்கின்றன. வேறு சில, அழித்த இடத்தில் 'இங்கே இருந்தது, போய்விட்டது' என்று ஓர் அடையாளத்தை விட்டுவைக்கின்றன. அதற்குக் கணினியாளர் வைத்த பெயர் கல்லறைக் கல். நம் ஊர்ச் சொல்லில் நடுகல் எனலாம்.

இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தியிருந்தால் அது முரண். இணைப்பு அறுந்த நிலையிலும் கோப்பில் வேலை செய்யவிட்டு, பிறகு சேர்க்கும் முறையை ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். அங்கே உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைக்காக அவருக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் 2016-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது கிடைத்தது. ஆண்ட்ரூ கோப்பு முறையை அடுத்து 1987-இல் அவர் தொடங்கிய 'கோடா', தேவைப்படும் கோப்புகளை மடிக்கணினியில் முன்கூட்டியே பதுக்கி வைத்து, இணைப்பு திரும்பியதும் இடையில் செய்த மாற்றங்களை வரிசையாகச் சேர்க்கும். டிராப்பாக்ஸ் போன்றவை இதைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது 2008-க்குப் பிறகுதான்.

யார் முந்தி, யார் பிந்தி என்பதைக் கடிகாரம் இல்லாமலே அறியும் வழியை 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் காட்டினார்: ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரிசை எண் இடு, செய்தி வந்தால் அதிலுள்ள எண்ணைத் தாண்டி உன் எண்ணை உயர்த்து. ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் வைத்து இதை விரித்தபோது, ஒரு படி மற்றதற்குப் பின்னதா, இரண்டும் தனித்தனியே கிளைத்தவையா என்று கண்டுபிடிக்க முடிந்தது. கிளைத்தவை என்று கண்டுபிடிக்கத்தான் முடியும். எதை வைப்பது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். டிராப்பாக்ஸ் இரண்டையும் வைத்துவிட்டு, ஒன்றின் பெயரில் முரண்பட்ட படி என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கோழைத்தனம் மாதிரி தெரியும், ஆனால் நேர்மையான முடிவு. கடைசியாக எழுதியதே வெல்லும் என்ற விதியை வைத்திருந்தால், கரியமாணிக்கத்தில் திங்களன்று சேர்ந்த இரண்டு உறுப்பினரும் சத்தமில்லாமல் காணாமல் போயிருப்பார்கள்.

ஒத்திசைவைக் காப்புப்படியாக நம்பினால் வரும் சேதமும் சத்தமில்லாததுதான். ஒரு கணினியில் தவறுதலாக அழித்தால் அந்த அழிப்பும் எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' போன்ற பணயத் தீநிரல்கள் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய வடிவமே புதிய படி என்று சேவைக் கணினிக்கு ஏறிவிடும். பழைய நிலைகளைச் சில காலம் வைத்திருக்கும் சேவை என்றால் மீட்கலாம். இல்லாவிட்டால், கம்பியைப் பிடுங்கி அலமாரியில் வைத்த வட்டு ஒன்றுதான் கைகொடுக்கும்.

தமிழ்ப் பெயரில் ஒரு சிக்கல்

தமிழ்க் கோப்புகளுக்கு வரும் தொல்லைகளும் உண்டு. யூனிகோட் பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவும் தன் போக்கில் எண் வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியலும் யூனிகோடில் அடித்த அதே பட்டியலும் கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு. கைரேகை ஒத்துப்போக வழியே இல்லை. யூனிகோட் வந்தபின் இது பெருமளவு தீர்ந்தது, முழுவதும் அல்ல. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோட் இரண்டு விதமாக ஏற்கிறது: ஒரே குறியாக எழுதலாம்; அல்லது ஓகாரத்தை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆப்பிள் கணினிகள் 2017 வரை பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்தன. இரண்டுக்கும் இடையே ஒத்திசைத்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் முளைக்கும். 'நிலம்' என்று பெயர் வைத்தால் ஒன்றும் ஆகாது. 'கொம்யூன்', 'தொகுப்பு', ஏன், 'கோப்பு' என்று வைத்தாலே இரட்டிக்கும். ஆர்சிங்கிலும் கிட் மென்பொருளிலும் இதைச் சரிசெய்ய அமைப்புகள் உண்டு. அவற்றைத் தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லாதவர்கள், உள்ளே பட்டியல் முழுவதும் தமிழில் இருந்தாலும், கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துவிடுகிறார்கள்.